கோவில் சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது?

கீழக்கரைக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கிலிருந்து (தாய்ப்பங்கின் கீழ் வரும் சிறு கோவில் ஊர்) 51 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஊரில் 140 தலைக்கட்டு. பெரும்பாலும் நாட்டுப்படகுத் தொழில். பெண்களில் பலர் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். வேதியராக (குருவுக்குத் துணையாகக் கோவில் வேலையும் மறைக்கல்வியும் பார்ப்பவர்) இருந்த கணவர் 11 வருடத்துக்கு முன் இறந்ததும் அந்த வேலை அப்படியே இவர் தலையில் விழுந்தது. பங்குத்தந்தைக்குத் தாய்ப்பங்கோடு நான்கு கிளைப்பங்குகள். இங்கே மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலைதான் திருப்பலி (பூசை). மற்ற ஞாயிறுகளில் வழிபாடு நடத்தி நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொடுப்பவர் இவர். கோவில் திறப்பு, மணி, பீடம் ஜோடிப்பது, பாட்டு, 46 பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை, இழவு வீட்டு ஜெபம், உண்டியல் கணக்கு எல்லாமே இவர்தான். மாதப் படி 2,000 ரூபாய். போன ஆடியில் மூட்டு வலிக்கு மதுரையில் மூன்று வாரம் தங்க வேண்டியதாயிற்று. அதுவரை கோவில் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது ஊரில் ஏச்சு.

"சாவிக்கொத்தைக் கொடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறது ஊர்க் கமிட்டி. "குழு அமைச்சுப் பகிர்ந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பங்குத்தந்தை. பூசை முடிந்து மைக்கில் "யாராவது உதவிக்கு வாங்க" என்று கேட்டதற்கு, கல்லூரிப் படிப்பு முடித்த மூன்று பெண்பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். பெண்பிள்ளைகள் பீடத்துக்கு ஏறக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இதற்கு நடுவே கோவில் பணம் 1,18,000 ரூபாய் இவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கிடக்கிறது. அதில் மணிக்கூண்டுக்கு என்று வந்த பணத்திலிருந்து திருவிழா மேடைக்கு 40,000 ரூபாய் "கடனாக" வேண்டும் என்கிறது கமிட்டி. "எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடலாமா? போட்டால் பாவமா? படி கூட்டிக் கேட்கலாமா? நான் விட்டால் கோவில் பூட்டித்தான் கிடக்கும்" என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரி,

விடுவது பாவமில்லை. ஆனால் ஒரே நாளில் விடாதீர்கள். கோபத்தில் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தால், அதை எடுப்பவர் பணியை எடுக்க மாட்டார், அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். காலை ஐந்தரைக்கு எழுந்து மணியடிக்கப் போவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மூன்று வாரம் கோவில் பூட்டிக் கிடந்ததை ஊருக்குப் பக்தி குறைந்ததன் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விளக்கெண்ணெய் எங்கே இருக்கிறது, அடுத்த பூசை எந்தத் தேதி, யார் வீட்டு நோயாளிக்கு எந்தக் கிழமை நற்கருணை என்பதெல்லாம் உங்கள் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. நீங்கள் படுத்தால் கோவிலும் படுத்துவிடும். இதில் உங்கள் குற்றம் பாதிகூட இல்லை. 11 வருடமாக அதை வசதியாக நினைத்தவர்கள் எல்லாருக்கும் பங்குண்டு.

இன்னொன்றையும் வருத்தப்படாமல் கேளுங்கள். "உதவிக்கு வாங்க" என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். உதவிக்கு வருபவருக்கு என்ன வேலை, எத்தனை நாள், தப்பினால் யார் ஏசுவார்கள் என்று எதுவும் தெரியாது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று முணுமுணுப்பு வந்தபோது, பன்னிருவரும் பொதுவாக ஆள் கேட்கவில்லை. ஏழு பேர், இன்ன தகுதி, இன்ன வேலை என்று சொன்னார்கள். சபை பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தது. கை வைத்து செபித்து ஒப்படைத்தார்கள். பிறகு அந்தப் பந்திப் பக்கம் தலையிட்டதாகக் குறிப்பில்லை. அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள், அதாவது குறை சொன்ன தரப்பின் பெயர்கள். கமிட்டியில் கணக்கைப் பற்றி அதிகம் சத்தம் போடுகிறவர் யாரோ, அவரைக் காணிக்கை எண்ணும் மேசையில் உட்கார வைக்கும்படி பங்குத்தந்தையிடம் நீங்களே சொல்லுங்கள்.

கொத்தில் உள்ள மூன்று சாவிகள்

கமிட்டி கேட்பது ஒரு கொத்து. அதில் வாசல் சாவி, உண்டியல் சாவி, நற்கருணை வைத்துப் பூட்டும் பேழையின் சாவி மூன்றும் கிடக்கின்றன. மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு. முதல் வேலையாக அவற்றைக் கழற்றி மூன்று வளையத்தில் போடுங்கள்.

வாசல் சாவியைத் தாராளமாகப் பகிரலாம். மூன்று நகல் எடுத்து, கோவிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு வீட்டுக்கும் கமிட்டிச் செயலாளருக்கும் கொடுக்கலாம். யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினால் போதும். இதில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் சண்டையின் சூடு பாதி தணிந்துவிடும்.

உண்டியல் சாவி ஒருவரிடம் இருக்கவே கூடாது. இரண்டு பூட்டு, இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு குடும்பம்.

பேழைச் சாவி மட்டும் கமிட்டிக்குப் போகாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 938-ஆம் சட்டம், அந்தச் சாவியை மிகுந்த கவனத்தோடு காக்கும் பொறுப்பைக் கோவிலைக் கவனித்துக்கொள்பவர்மீது வைக்கிறது. உங்கள் ஊரில் அது பங்குத்தந்தை. அவர் சார்பில் வைத்திருப்பவர் நீங்கள். உங்களுக்கு அடுத்து யார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். 934-ஆம் சட்டத்தையும் அவரிடம் நினைவூட்டலாம்: நற்கருணை வைத்திருக்கும் இடத்தில் அதற்குப் பொறுப்பானவர் எப்போதும் இருக்க வேண்டும், முடிந்தவரை மாதம் இரண்டு முறையாவது அங்கே திருப்பலி நடக்க வேண்டும். நீங்கள் மூன்று வாரம் மதுரையில் இருந்தபோது பேழையில் நற்கருணை இருந்ததா, யார் கவனித்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. இனி வெளியூர் போவதானால், போகுமுன் அவருக்குத் தகவல் சொல்லி, மாற்று ஆளை நியமிக்கவோ நற்கருணையைத் தாய்ப்பங்குக்கு எடுத்துப்போகவோ கேளுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அப்பம் சீக்கிரம் பதம் கெடும். ஒவ்வொரு திருப்பலியிலும் பழையதை முடித்துப் புதிதை வைக்கும்படி நினைவூட்டுவதும் இந்தப் பொறுப்பில் சேரும். (உப்புக் காற்றில் பேழைப் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்துப் பிசினாகிவிடும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவித் திருப்பினால் போதும்.)

எதை யார் செய்யலாம்

உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் உங்களுக்கும் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. எல்லை எங்கே என்று தெரிந்தால் பகிர்வது எளிது.

திருப்பலி, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல் மூன்றும் குருவுக்கே உரியவை. திருப்பலியில் நற்செய்தி வாசிப்பதும் மறையுரையும் குருவோ திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) செய்வது. இதற்கு வெளியே உள்ள பரப்பு மிகப் பெரியது.

பெண்கள் வாசகம் வாசிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஞாயிறுதோறும் முறை வைத்து வாசிப்பதற்கு 1983 சட்டத் தொகுப்பிலேயே பெண்களுக்குத் தடையில்லை. ஆயரால் (மறைமாவட்டத்தின் பிஷப்) நிலையாக ஏற்படுத்தப்படும் வாசகர், பீடத்துணைவர் பணிகள்தான் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தன. 2021 ஜனவரி 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 230-ஆம் சட்டத்தைத் திருத்தி அதையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே 10-இல் வேதியர் பணியையும் திருச்சபையின் நிலையான பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார். பெண்பிள்ளைகள் பீடச்சிறுவராக நிற்பது மட்டும் ஆயரின் முடிவைப் பொறுத்தது. ஆகவே அந்த மூன்று பேரையும் இப்போதைக்கு வாசக மேடையில் நிறுத்துங்கள், பீடப் பணியைப் பிறகு பார்க்கலாம். இதைப் பெரியவர்களிடம் நீங்கள் வாதாடிச் சொல்ல வேண்டாம். பங்குத்தந்தை மறையுரையில் இரண்டு நிமிடம் சொன்னால் முடிந்தது.

குரு வராத ஞாயிறு வழிபாட்டுக்கு 1988-இல் வத்திக்கான் வழிகாட்டி வெளியிட்டது. அதை நடத்தும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) சமமானவர்களில் ஒருவராக நடத்த வேண்டும். குருவின் இருக்கையில் உட்காரக் கூடாது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பது குருவும் திருத்தொண்டரும் சொல்வது. நீங்கள் சொல்லக் கூடாது. முடிவில் கைவிரித்து ஆசீர்வதிக்காமல், "ஆண்டவர் நம்மை ஆசீர்வதித்து" என்று உங்கள்மேலேயே சிலுவை வரைந்துகொள்ள வேண்டும். காணிக்கைப் பவனியும் நற்கருணை மன்றாட்டும் (அப்பத்தை அர்ச்சிக்கும் செபம்) இதில் கிடையாது. பிரசங்கம் செய்யச் சொல்லி மக்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பங்குத்தந்தை எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் வழிகாட்டி சொல்லும் முறை. வாட்ஸாப்பில் ஒலிப்பதிவாக வருவதைக் கேட்டு உங்கள் சொல்லில் சொல்லப்போனால், அவர் சொல்லாததும் அவர் பெயரில் ஊருக்குள் போய்விடும்.

நற்கருணை வழங்க உங்களுக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா? இது முக்கியம். கணவருக்கு இருந்த அனுமதி உங்களுக்கு வாரிசாக வராது. இத்தகைய அனுமதி பெரும்பாலும் குறித்த காலத்துக்கே தரப்படும், பயிற்சிக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்குப் புதுப்பித்தும், இன்னும் இரண்டு பேருக்குப் புதிதாகவும் கேளுங்கள். நோயாளிகளுக்கு எடுத்துப் போகும்போது சிமிழோடு நேராக வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் கடைகண்ணி கூடாது. மீதி அன்றே பேழைக்குத் திரும்ப வேண்டும். இரவு வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இழவு வீட்டு ஜெபத்தையும், குரு வர முடியாதபோது கல்லறை ஜெபத்தையும் பங்குத்தந்தைக்குச் சொல்லிவிட்டுப் பொதுநிலையினர் நடத்தலாம். கடலில் தவறியவர் உடல் கரை சேர்ந்த நாளில் குரு வரும்வரை வைத்திருக்க முடியாமல் போகும் ஊர் உங்களுடையது. ஆகவே சடங்கு நூலைப் பார்த்து நடத்தத் தெரிந்தவர்கள் ஆணில் இருவர், பெண்ணில் இருவராவது வேண்டும்.

உயிர் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு யாரும் கொடுக்கலாம். பிரசவத்துக்கு ஆம்புலன்சில் போகிற பெண்களும் அவர்களோடு போகிற மாமியார்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலையில் தண்ணீர் வழிந்தோட ஊற்றிக்கொண்டே, குழந்தையின் பெயர் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஒருவர் ஊற்ற, இன்னொருவர் சொன்னால் அது செல்லாது. பிறகு குருவிடம் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். விட்டுவிட்டால் திருமண ஓலை (கோவிலில் கல்யாண அறிவிப்பு) வாசிக்கும் காலத்தில் தலைவலியாகும்.

அந்த 1,18,000 ரூபாய்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். நீங்கள் நேர்மையாகத்தான் வைத்திருக்கிறீர்கள், ஆனால் ஆபத்தான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வங்கிக்கு அது உங்கள் பணம். அதன் வட்டி உங்கள் வருமானம். நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் அது நீங்கள் நியமித்தவருக்கோ வாரிசுகளுக்கோ போகும். கோவில் பணம் என்று உங்கள் மகன் ஊரிடம் நிரூபிக்கவும் முடியாது, ஊர் உங்கள் மகனிடம் நிரூபிக்கவும் முடியாது.

ரொக்கமாக எடுத்து யார் கையிலும் கொடுக்காதீர்கள். பாஸ்புக்கைப் பதிவு செய்து, மூன்று தலைப்பில் பிரியுங்கள். நீங்கள் எழுதியபடி மணிக்கூண்டு 72,000, திருவிழா மீதி 28,000, உண்டியல் 18,000. வந்த வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று தலைப்பையும் மூன்று தனிக் காசோலையாகப் பங்கின் கணக்குக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பங்கு ரசீது வாங்குங்கள். அதில் "மணிக்கூண்டுக்கு மட்டும்" என்பது போல நோக்கம் எழுதப்பட வேண்டும். கிளைப்பங்கின் பெயரில் தனிக் கணக்கு தொடங்க ஊர் விரும்பினால், அதைப் பங்குத்தந்தையும் மறைமாவட்ட நிர்வாகமும்தான் தொடங்க முடியும். கமிட்டி தானாகச் சங்கம் பதிந்து கோவில் பேரில் கணக்கு தொடங்க முனைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மணிக்கூண்டுப் பணத்திலிருந்து 40,000 "கடன்" கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. கமிட்டிக்கும் இல்லை. ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம் என்கிறது 1267-ஆம் சட்டம். பங்குத்தந்தைகூடத் தாமாக மாற்ற முடியாது. "என்னால் முடியாது" என்று நீங்கள் சொன்னால் பகை. "சட்டத்தில் இடமில்லையாம், ஃபாதர்ட்ட கேட்டுக்கங்க" என்று சொன்னால் அது அவர் பொறுப்பு.

"கோவில் பணம் ஊர்ப் பணம்தானே" என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. மேடை, வாணவேடிக்கை, கச்சேரிக்கென்று தலைக்கட்டு வரியாகவும் படகுக்கு இவ்வளவு என்றும் கமிட்டி வசூலிப்பது ஊர்ப் பணம். அதன் கணக்கை ஊர் கேட்கட்டும். உண்டியல், ஞாயிறு காணிக்கை, நேர்ச்சையாக வருவது கோவில் பணம். பூசைக் கருத்துக்குக் கொடுப்பது இரண்டிலும் சேராது. தனி நோட்டில் பெயரும் கருத்தும் எழுதிக் குருவிடம் சேர்க்க வேண்டியது. மூன்றும் ஒரே டப்பாவில் விழுவதுதான் இந்தக் கரையில் பல ஊர்ச் சண்டைக்கு முதல் காரணம்.

இனி எண்ணும் முறை. பூசை முடிந்த கையோடு, கோவிலுக்குள்ளேயே மேசை போட்டு, மூன்று பேர் சேர்ந்து எண்ண வேண்டும். இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டு வாரியாக எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த வங்கி வேலை நாளில் கட்டிவிட வேண்டும். அவசரச் செலவை எண்ணும் முன்பே உண்டியலிலிருந்து எடுத்துவிட்டு "பிறகு எழுதிக்கலாம்" என்பதுதான் வழக்கமாகக் கெடும் இடம். மெழுகுதிரி 300 ரூபாய்க்கு வாங்கினாலும் முதலில் வரவு, பிறகு செலவு என்று எழுத வேண்டும். மாதக் கணக்கை ஒரு தாளில் வாசலில் ஒட்டுங்கள். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287-ஆம் சட்டம்.

பங்குத்தந்தை சொன்ன "குழு" இங்கேதான் தேவைப்படுகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 537-ஆம் சட்டம். அது அவர் விருப்பம் அல்ல. பங்குப்பேரவை வேறு: ஆயர் தேவை என்று கருதினால் அமைப்பது, பங்குத்தந்தை தலைமையில் ஆலோசனை சொல்வது. பேரவை தீர்மானம் போட்டு அவரைக் கட்டுப்படுத்த முடியாது என்பதை உங்கள் கமிட்டிக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ராமநாதபுரம் கரையின் பங்குகள் 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கின்றன; நிதிக்குழுவுக்கும் பேரவைக்கும் மறைமாவட்டம் வைத்திருக்கும் விதிமுறையின் நகலைக் கேட்டு வாங்கி, தாய்ப்பங்கு நிதிக்குழுவில் உங்கள் ஊருக்கு இடம் கேளுங்கள்.

ஆறு மாதத்தில் கைமாற்றுவது

முதல் இரண்டு வாரம் எதையும் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்வதையெல்லாம், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு 40 பக்க நோட்டில் எழுதுங்கள். நாற்பதுக்குக் குறையாமல் வேலை வரும். அந்த நோட்டே பங்குத்தந்தையிடம் உங்களுக்குச் சாட்சி.

பிறகு கோவில் திறப்பு, மணி, துப்புரவு, பூ ஆகியவற்றை அன்பியங்களுக்கு (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுக்கள்) மாதம் ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இதற்குப் பயிற்சி வேண்டாம். அட்டவணை போடும்போது கடலைப் பார்த்துப் போடுங்கள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் உண்டு. உங்கள் ஊர் நாட்டுப்படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. விடியற்காலை படகிறக்கும் வீட்டுக்குக் காலை மணியைக் கொடுத்தால் முதல் வாரமே தப்பும். பாசிக்குப் போகும் பெண்களுக்கு மாலை வேலைதான் ஒத்துவரும்.

வாசகத்துக்கு ஆறு பேர் வேண்டும். வியாழக்கிழமையே வாசகத்தைக் கையில் கொடுங்கள். சனிக்கிழமை மேடையில் மைக் போட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் எசாயா, எரேமியா தமிழில் திணறுவார்கள். மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். திணறியவரை ஆலயத்தில் எல்லார் முன்னும் திருத்தாதீர்கள், மறுமுறை வர மாட்டார்கள்.

மறைக்கல்விக்கு நான்கு ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஆறு வாரம் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து, அடுத்த ஆறு வாரம் நீங்கள் உட்கார அவர்கள் நடத்தட்டும். அதன் பின் நீங்கள் வகுப்புக்குள் வரவே கூடாது. இது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். புதிதாக ஆள் எடுக்கும்போது எந்தப் பெரியவரும் பூட்டிய அறையில் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பேர் எப்போதும் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதி வையுங்கள். பிள்ளைகள்மேல் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. "ஊருக்குள் பேசி முடிப்போம்" என்று மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வருடக் கெடு வையுங்கள். முடிவு தெரிந்த வேலைக்கு ஆள் வரும். திருவிழா நவநாளில் எதையும் கைமாற்ற வேண்டாம். அட்டவணையைப் பங்குத்தந்தை பூசையில் பெயர் சொல்லி அறிவிக்கட்டும். நீங்கள் அறிவித்தால் "அவங்க ஆளுங்க" என்று பேச்சு வரும். கொடுத்த வேலையை அவர்கள் உங்களைப் போல் செய்ய மாட்டார்கள். பூ கோணலாக இருக்கும். பீடத்துணியில் மடிப்பு விழும். போய் நேராக்காதீர்கள்.

படி கேட்பது பற்றி

"கோவில் வேலைக்குக் கூலி கேட்பதா" என்று நீங்களே கூசுகிறீர்கள். வேதியர்களுக்குப் பணம் கொடுப்பது இந்தக் கரையில் புதிதல்ல. 1540-களில் பிரான்சிஸ் சவேரியார் ஒரு ஊரில் தங்க முடியாமல் அடுத்த ஊருக்கு ஓடியபோது ஊருக்கு ஊர் உபதேசியார்களை (அன்றைய வேதியர்கள்) வைத்துவிட்டுப் போனார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கு ஒதுக்கியிருந்த 4,000 பணத்தை (அக்கால நாணயம்) அவர்கள் சம்பளத்துக்கு வாங்கினார். 1549-இல் வேதாளையில் குரு கிரிமினாலி கொல்லப்பட்ட பின்னும், 1693-இல் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்ட பின்னும் சபைகள் கலையாமல் இருந்ததில் உபதேசியார்கள் பங்கு பெரிது.

இன்றைய சட்டம் 231, திருச்சபைப் பணிக்குத் தம்மைக் கொடுத்திருக்கும் பொதுநிலையினருக்குத் தங்கள் நிலைக்கேற்ற கண்ணியமான ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. ஞாயிறு ஒரு வாசகம் வாசிப்பவருக்கு இது பொருந்தாது, முழுநேரமாக நிற்கும் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் வேலையைப் பகிர்ந்த பிறகும் பழைய முழுநேரப் பொறுப்புக்கே கேட்பது நியாயமாக இருக்காது. ஆகவே கைமாற்றிய பின் உங்களிடம் எது மிஞ்சும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என் யோசனை: நோயாளிகள், இழவு வீடு, புதியவர்களுக்குப் பயிற்சி ஆகிய மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் உங்கள் 11 வருடம் பேசும். மணியடிக்க அந்த அனுபவம் தேவையில்லை.

பங்குத்தந்தை நேரமில்லை என்று தள்ளிப்போட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். திருச்சபையின் நன்மைக்கு எது தேவை என்று நினைக்கிறீர்களோ அதை மேய்ப்பர்களிடம் சொல்வது உங்கள் உரிமை மட்டுமல்ல, சில நேரம் கடமையும்கூட என்கிறது 212-ஆம் சட்டம். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லையென்றால் மூன்றாவது கடிதம் மறைவட்ட அதிபருக்கும் (அக்கம்பக்கப் பங்குகளுக்குப் பொறுப்பான குரு) ஆயர் இல்லத்துக்கும் போகலாம். வாட்ஸாப் குழுவில் மட்டும் போடாதீர்கள். அதன்பின் யாரும் இறங்கி வர முடியாது.

அடுத்த திருப்பலிக்கு அவர் வரும்போது, பூசைக்கு முன்னால் பிடிக்காதீர்கள். ஐந்து இடத்துக்கு ஓடுகிறவர் காதில் ஏறாது. நாள் கேட்டுத் தாய்ப்பங்குக்குப் போங்கள், கூட ஒரு அன்பியப் பொறுப்பாளரையும் அழைத்துக்கொள்ளுங்கள். வேலை நோட்டு, பாஸ்புக் நகல், மூன்று காசோலை, ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். கடிதத்தில் நான்கு கோரிக்கை போதும்: நற்கருணைப் பணிக்கு உங்களுக்கும் இருவருக்கும் எழுத்து அனுமதி, பேழைச் சாவிக்கு மாற்று ஆள், நிதிக்குழுவில் ஊருக்கு இடம், உங்கள் பொறுப்பும் படியும் எழுத்தில். தேதி போட்டு இரண்டு நகல் எடுத்து, உங்கள் நகலில் "பெற்றேன்" என்று அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வாருங்கள்.